செயற்கூறிடமிருந்து விடையைக் கையில் வாங்குவது எப்படி?

தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை ஆறு மணிக்கு மேல் நான்கைந்து பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகுகிறார்கள். இருவர் பிளஸ் டூ, ஒருவர் பாலிடெக்னிக், மற்றவர்கள் கல்லூரி முதலாண்டு. மாறி, நிபந்தனை, மடக்கு எல்லாம் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடுகின்றன. செயற்கூறு, அதாவது ஒரு வேலைக்கான வரிகளுக்குப் பெயர் வைத்துத் தொகுத்து, வேண்டும்போது அந்தப் பெயரால் அழைக்கும் பகுதி (ஆங்கிலத்தில் ஃபங்ஷன்), வந்ததும் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள். "அக்கா, விடைதான் திரையில் வந்துவிட்டதே, பிறகு எதற்கு அதைத் திருப்பி அனுப்ப வேண்டும்?" ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார். மிக நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரியாமலேயே பலர் படிப்பை முடித்துவிடுகிறார்கள் என்பதால்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் எழில் மொழியில் இருக்கும். முத்து அண்ணாமலை உருவாக்கிய இந்த நிரல்மொழியில் கட்டளைச் சொற்களே தமிழில் இருக்கின்றன. பைதானின் மேல் இயங்குவது என்பதால், பைதான் உள்ள கணினியில் இதையும் நிறுவிக்கொள்ளலாம். இப்போதைக்கு நான்கு சொற்கள் போதும். செயற்கூறு தொடங்கும் இடத்தில் 'நிரல்பாகம்', முடியும் இடத்தில் 'முடி', திரையில் காட்டுவதற்குப் 'பதிப்பி', மதிப்பைத் திருப்பித் தருவதற்குப் 'பின்கொடு'. பைதானில் இவற்றுக்கு இணையாக டெஃப், பிரிண்ட், ரிட்டர்ன் என்ற சொற்கள் வரும். 'முடி' அங்கே கிடையாது, வரியை உள்ளே தள்ளி எழுதுவதே எல்லையைக் காட்டும். வேறு மொழி படிப்பவர்களும் தயங்க வேண்டாம். சொல் மாறும், நடப்பது ஒன்றுதான்.

முதலில் தோவாளைக்குப் போய் வருவோம்

ஆரல்வாய்மொழியில் ஒரு வீட்டில் நாளை கல்யாணம். அம்மா மகனைக் கூப்பிட்டு, "தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ கிலோ என்ன விலை என்று கேட்டு வா" என்று அனுப்புகிறார். மகன் போகிறான், விசாரிக்கிறான், சந்தையின் நடுவில் நின்று விலையை உரக்கச் சொல்கிறான், சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்துவிடுகிறான். சந்தையில் இருந்தவர்கள் அனைவருக்கும் விலை தெரியும். எத்தனை கிலோ வாங்கலாம் என்று முடிவு செய்ய வேண்டிய அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

பதிப்பி செய்யும் வேலை இதுதான். இப்போது அந்த மகனைக் கணினிக்குள் பாருங்கள்.

```
நிரல்பாகம் பூ_விலை( கிலோ_விலை, கிராம் )
  பதிப்பி கிலோ_விலை * கிராம் / 1000
முடி

பூ_விலை( 800, 250 )
```

கணக்குக்காக ஒரு கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். உண்மை விலை முகூர்த்த நாளில் எங்கேயோ போய்விடும். இதை ஓட்டினால் திரையில் 200 வரும். சில கணினிகளில் 200.0 என்று வரலாம், இரண்டும் ஒன்றுதான். விடை சரி. பிள்ளைகளும் மகிழ்ச்சியாக நோட்டில் 'சரி' போட்டுக்கொள்கிறார்கள்.

இனி பிச்சியோடு மல்லிகையும் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள்.

```
மொத்தம் = பூ_விலை( 800, 250 ) + பூ_விலை( 600, 500 )
```

இங்கேதான் வண்டி நிற்கிறது. திரையில் 200 என்றும் 300 என்றும் இரண்டு எண்கள் வரும். மொத்தம் வராது, பிழைதான் வரும். கூட்டல் குறியின் இரு பக்கமும் கூட்டுவதற்கு எண்ணே இல்லை. திரையில் விழுந்த எண்ணை நம் கண் படிக்கும். நிரலின் அடுத்த வரியால் அதைப் படிக்க முடியாது. இந்த ஒரு செய்தி மனதில் தைத்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள்

```
நிரல்பாகம் பூ_விலை( கிலோ_விலை, கிராம் )
  பின்கொடு கிலோ_விலை * கிராம் / 1000
முடி

மொத்தம் = பூ_விலை( 800, 250 ) + பூ_விலை( 600, 500 )
பதிப்பி மொத்தம்
```

திரையில் 500. நான் பிள்ளைகளைக் கணினியை மூடச் சொல்லிவிட்டு, இந்த வரியை நோட்டில் பென்சிலால் எழுதச் சொல்வேன். பிறகு முதல் அழைப்பை, அதாவது பூ_விலை( 800, 250 ) என்ற பகுதி முழுவதையும், அழிரப்பரால் அழித்துவிட்டு அதே இடத்தில் 200 என்று எழுத வேண்டும். அடுத்து இரண்டாவது அழைப்பை அழித்து 300. இப்போது நோட்டில் இருப்பது இது:

```
மொத்தம் = 200 + 300
```

கணினியும் இதையேதான் செய்கிறது. செயற்கூறை அழைத்த இடத்தில், அழைப்பு மறைந்து விடை வந்து உட்கார்ந்துகொள்கிறது. எண்ணை எங்கெல்லாம் எழுதலாமோ அங்கெல்லாம் அந்த அழைப்பையும் எழுதலாம்: கூட்டலில், ஒப்பீட்டில், இன்னொரு செயற்கூறின் அடைப்புக்குள். பதிப்பி உள்ள பழைய செயற்கூறை இதே போல அழித்துப் பாருங்கள். அந்த இடத்தில் எழுத எதுவுமே இருக்காது, தாளில் வெறும் கூட்டல் குறிதான் மிஞ்சும். மாணவர்கள் அந்த வெற்றிடத்தைத் தங்கள் நோட்டிலேயே பார்க்கும்போது முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை விளக்கம் சொன்னாலும் அந்த அழிரப்பருக்கு ஈடாகாது.

பாடநூலில் இருக்கும் இரண்டு சொற்களையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். கிலோ_விலை, கிராம் என்ற பெயர்கள் அளபுருக்கள். அழைக்கும்போது தரும் 800, 250 ஆகியவை செயலுருபுகள். உள்ளே போவதற்கு எத்தனை வாசல் வைத்தாலும் விடை வெளியே வரும் வாசல் பின்கொடு ஒன்றுதான்.

திரும்பி வருவது என்றால் என்ன

பின்கொடு என்ற சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, அழைத்த இடத்துக்கே நிரல் திரும்பி வருவது. மற்றொன்று, வரும்போது ஒரு மதிப்பைக் கொண்டுவருவது. ஆரம்ப காலக் கணினிகளில் முதல் வேலையே பெரும்பாடாக இருந்தது. 1949இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில், துணை நிரல் ஒன்றுக்குள் போன பிறகு எங்கிருந்து வந்தோம் என்று நினைவு வைத்துத் திரும்புவதற்கு டேவிட் வீலர் ஒரு வழி கண்டுபிடித்தார். அதை இன்றும் 'வீலர் தாவல்' என்கிறார்கள். பயனர் தாமே செயற்கூறு எழுதி, ரிட்டர்ன் என்ற சொல்லால் திரும்பும் வசதி 1958இல் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பில் வந்தது. நாம் ஒரு சொல்லில் முடித்துவிடும் வேலையை, ஒரு காலத்தில் திரும்பிப் போக வேண்டிய இடத்தின் முகவரியைக் கணக்கிட்டுக் கட்டளைக்குள் பொருத்திச் செய்தார்கள்.

திரும்பி வருவது என்பதில் ஒரு முக்கியமான விளைவு இருக்கிறது. பின்கொடு என்ற வரியைத் தொட்டதும் செயற்கூறு அங்கேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே எழுதிய வரிகள் ஓடாது. மகன் தோவாளையிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டான்; அதற்குப் பிறகு அவன் சந்தையில் எதுவும் வாங்க முடியாது. பின்கொடு வரிக்குக் கீழே பதிப்பி எழுதிவிட்டு, "ஏன் அக்கா இது வரவில்லை?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ரப்பர் பால் கணக்கு

கல்லூரியில் படித்தபோது குலசேகரத்தில் இருக்கும் என் மாமாவுக்கு ரப்பர் பால் கணக்கு போட ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். பாலை எடை போட்டு அப்படியே விலை தருவதில்லை. அதில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அந்த உலர் ரப்பரின் எடைக்குத்தான் விலை. மரத்துப் பாலில் பொதுவாக 30 முதல் 40 சதவீதம் வரை ரப்பர் இருக்கும், மீதி பெரும்பாலும் தண்ணீர்.

என் நிரலில் எல்லாமே பதிப்பிதான். ஒவ்வொருவர் பாலுக்கும் தொகை திரையில் அழகாக வரும். மாதக் கடைசியில் மாமா மொத்தம் கேட்டார். நிரலிடம் மொத்தம் இல்லை. திரையைப் பார்த்து ஒவ்வொரு தொகையையும் தாளில் எழுதி, கால்குலேட்டரில் கூட்டினேன். ஒருவருக்கு 2,150 என்பதை 1,250 என்று எழுதிவிட்டேன். குறைந்த 900 ரூபாயைக் கொடுக்க மாமா மறுநாள் காலையில் மழையில் அவர் வீட்டுக்கு நடந்து போனார். திரையில் காட்டினால் போதும் என்று நினைத்ததற்கு நேர்ந்த விளைவு அது. அந்த நிரலை இன்று எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

```
நிரல்பாகம் உலர்_ரப்பர்( பால்_எடை, சதவீதம் )
  பின்கொடு பால்_எடை * சதவீதம் / 100
முடி

நிரல்பாகம் தொகை( பால்_எடை, சதவீதம், கிலோ_விலை )
  எடை = உலர்_ரப்பர்( பால்_எடை, சதவீதம் )
  பின்கொடு எடை * கிலோ_விலை
முடி

மொத்தம் = 0
மொத்தம் = மொத்தம் + தொகை( 40, 35, 180 )
மொத்தம் = மொத்தம் + தொகை( 25, 32, 180 )
பதிப்பி மொத்தம்
```

முதல் ஆளின் 40 கிலோ பாலில் 14 கிலோ ரப்பர், 180 ரூபாய் வீதம் 2,520. இரண்டாம் ஆளின் 25 கிலோவில் 8 கிலோ, 1,440. மொத்தம் 3,960. கையால் போட்டுப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். விலை இங்கேயும் கணக்குக்காக வைத்ததுதான்.

இந்த நிரலில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, ஒரு செயற்கூறு தந்த விடையை இன்னொன்று வாங்கி வேலையைத் தொடர்கிறது. உலர்_ரப்பர் பதிப்பி செய்திருந்தால் இந்தச் சங்கிலியே உருவாகியிருக்காது. இரண்டாவது, பதிப்பி என்ற சொல் கடைசி வரியில் ஒரு முறைதான் இருக்கிறது. கணக்குப் போடும் செயற்கூறு கணக்குப் போடட்டும், திரையில் காட்டுவதா, தாளில் அச்சிடுவதா, கோப்பில் சேமிப்பதா என்பதை அழைப்பவர் முடிவு செய்யட்டும். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் விதியாகவே சொல்வது இது.

மூன்றாவதில்தான் பலர் தவறுகிறார்கள். 'எடை' என்ற மாறி தொகை செயற்கூறுக்குள் பிறந்தது. செயற்கூறு முடிந்ததும் அதுவும் போய்விடும். வெளியே வந்து 'பதிப்பி எடை' என்று எழுதினால் பிழை வரும். வெளியே வருவது மதிப்பு மட்டும்தான், அதற்கு உள்ளே வைத்திருந்த பெயர் வராது. வந்த மதிப்புக்கு வெளியே நீங்கள் விரும்பும் பெயரை வையுங்கள்.

பெயரே வைக்காமல் தொகை( 40, 35, 180 ) என்று மட்டும் ஒரு வரி எழுதினால்? கணினி முழுக் கணக்கையும் போடும், 2,520 என்று கண்டுபிடிக்கும், வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் அதை விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அமைதியாக நடக்கும் இந்தத் தவறு, பிழையோடு நிற்கும் தவறைவிட மோசமானது.

எல்லா வழிகளும் வீட்டுக்கு வர வேண்டும்

நாகர்கோவில் வடசேரியிலிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போகும் ஒரு குடும்பத்துக்கு டிக்கெட் கணக்கு எழுதுவோம். ஐந்து வயதுக்குக் கீழ் இலவசம், பன்னிரண்டுக்குக் கீழ் அரை டிக்கெட், மற்றவர்களுக்கு முழு டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனையை எழிலில் '@' குறியோடு அடைப்புக்குள் எழுதி, பின்னால் 'ஆனால்' சேர்க்க வேண்டும்.

```
நிரல்பாகம் டிக்கெட்( வயது, முழு )
  @( வயது < 5 ) ஆனால்
    பின்கொடு 0
  முடி
  @( வயது < 12 ) ஆனால்
    பின்கொடு முழு / 2
  முடி
  பின்கொடு முழு
முடி
```

கடைசியில் உள்ள 'பின்கொடு முழு' என்ற வரியை விட்டுவிட்டுப் பாருங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கும் பத்து வயதுச் சிறுமிக்கும் சரியாக வேலை செய்யும். நாற்பது வயது அப்பாவுக்கு எந்த பின்கொடுவும் எட்டாது. செயற்கூறு வெறுங்கையோடு திரும்பும். நீங்கள் சிறுவர்களின் வயதை மட்டும் கொடுத்துச் சோதித்திருந்தால் தவறு கண்ணில் படவே படாது.

வெறுங்கையோடு திரும்பினால் என்ன ஆகும் என்பது மொழிக்கு மொழி மாறும். பைதானில் 'நன்' (None), அதாவது 'எதுவும் இல்லை' என்ற தனி மதிப்பு வரும். அதை எண்ணோடு கூட்டினால் பிழை. ஜாவாஸ்கிரிப்டில் 'அன்டிஃபைன்ட்'. ஜாவா நிரலை ஓட்டவே விடாமல், இந்த வழியில் எதுவும் திரும்பவில்லை என்று முன்பே சொல்லிவிடும். சி மொழியில்தான் ஆபத்து அதிகம். நிரல் ஓடிவிடும், அந்த மதிப்பைப் பயன்படுத்தினால் என்ன வரும் என்று சொல்லவே முடியாது.

இங்கே இன்னொரு நுட்பம் உண்டு. குழந்தைக்கு 0 தந்தோமே, அது ஒன்றும் தராததற்குச் சமமா? இல்லை. 0 என்பது விடை. 'உங்கள் குழந்தைக்குக் கட்டணம் இல்லை' என்று கண்டக்டர் தெளிவாகச் சொல்வது போன்றது. எதுவும் திரும்பாமல் இருப்பது, கண்டக்டர் உங்கள் இருக்கைக்கே வராமல் போவது போன்றது. முதலாவதைக் கூட்டலாம், இரண்டாவதைக் கூட்ட முடியாது.

இதனால் சோதிக்கும்போது ஒவ்வொரு கிளைக்கும் ஒரு மதிப்பாவது கொடுங்கள். எல்லையில் நிற்கும் எண்களைக் கண்டிப்பாகக் கொடுங்கள்: 4, 5, 11, 12. சரியாக ஐந்து வயதான குழந்தைக்கு நீங்கள் நினைத்த விடைதான் வருகிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

பைதான் படிப்பவர்களுக்கு

பள்ளி ஆய்வகங்களில், பைதானோடு சேர்ந்தே வரும் ஐடில் சாளரத்தில் நேரடியாகத் தட்டிப் பழகுகிறார்கள். அங்கே செயற்கூறை அழைத்ததும், பிரிண்ட் எழுதாவிட்டாலும் திரும்பி வந்த மதிப்பை அந்தச் சாளரம் தானாகவே காட்டிவிடும். இதைப் பார்த்து ரிட்டர்ன் என்றாலே திரையில் காட்டுவது என்று நம்பிவிடுகிறார்கள். அதே வரிகளைக் கோப்பில் சேமித்து ஓட்டும்போது திரை வெறுமையாக இருக்கிறது. நிரல் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். கோப்பாக ஓட்டும்போது காட்டும்படி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது பட்டியலை வரிசைப்படுத்துவது. குளச்சல் கடற்கரையில் ஏலம் போன கூடைகளின் விலைகளை ஒரு பட்டியலில் வைத்திருக்கிறீர்கள். பைதானில் இதற்கு 'சார்ட்', 'சார்ட்டட்' என்று இரண்டு வழிகள் உண்டு. சார்ட்டட், வரிசைப்படுத்திய புதிய பட்டியலைத் திருப்பித் தரும். சார்ட், இருக்கும் பட்டியலையே மாற்றிவிட்டு நன் என்று திருப்பித் தரும். 'விலைகள்' என்ற பட்டியலின் மீது சார்ட் செய்து, அதன் விடையை மறுபடி 'விலைகள்' என்ற பெயரிலேயே வாங்கினால், அந்தப் பெயரில் பட்டியல் இருக்காது, நன் இருக்கும். ஒரு கட்டளை எதைத் திருப்பித் தருகிறது என்று ஆவணத்தில் பார்க்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்.

ஒரே செயற்கூறிலிருந்து இரண்டு மூன்று விடைகளையும் பைதானில் காற்புள்ளி இட்டுத் திருப்பி அனுப்பலாம். அனுப்பிய வரிசையிலேயே வாங்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எடையையும் தொகையையும் இடம் மாற்றி வாங்கினால் மொழி ஒன்றும் சொல்லாது, உங்கள் கணக்குதான் தவறும்.

உங்களுக்கு ஒரு பயிற்சி

முழுக் கட்டணம் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு 40 வயது, அம்மாவுக்கு 36, மகளுக்கு 10, மகனுக்கு 4. மேலே எழுதிய டிக்கெட் செயற்கூறை நான்கு முறை அழைத்து, குடும்பத்தின் மொத்தக் கட்டணத்தைத் திருப்பித் தரும் புதிய செயற்கூறு ஒன்றை எழுதுங்கள். அதற்குள் பதிப்பி இருக்கக் கூடாது. எழுதியதும் கணினியில் ஓட்டாமல், முதலில் நோட்டில் நான்கு அழைப்புகளையும் அழித்து எண்களை எழுதுங்கள். 20, 20, 10, 0, சேர்த்து 50 வர வேண்டும். பிறகு ஓட்டுங்கள். 30 மட்டும் வந்தால், ஒருவருடைய முழு டிக்கெட் கூட்டலில் சேரவில்லை என்று பொருள். அழைப்புகளை எண்ணிப் பாருங்கள். எண்ணே வராவிட்டாலோ பிழை வந்தாலோ முதலில் புதிய செயற்கூறில் பின்கொடு எழுதினீர்களா என்று பாருங்கள். எங்கள் திண்ணையில் பத்தில் எட்டுப் பேர் அங்கேதான் அந்தச் சொல்லை மறந்திருந்தார்கள்.